போன் சிஸ்டர்

சலைன் பாட்டில் காலியாகிவிட்டது. குழாயில் ரத்தம் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. முதலில் அரை அங்குலம் இருந்தது, இப்போது இரண்டே கால். நாற்பது வருடம் அளவெடுத்தே பிழைத்தவர் என்பதால் டெய்லருக்கு டேப் தேவைப்படவில்லை.

"சிஸ்டர்" என்று நாலாவது தடவையாகக் கூப்பிட்டார்.

இருபத்திரண்டு கட்டில்கள் போட்ட வார்டில் பதிலுக்கு மூன்று பேர் இருமினார்கள். பெரிய சிஸ்டர் கடைசிக் கட்டிலில் யாருக்கோ கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். வார்டுக்கு அவர் ஒருவர்தான். அவருக்கும் கால் வீங்கியிருந்தது.

"என்னங்க, உங்க ரத்தம் உங்களை விட்டுப் போயிட்டு இருக்கு. நீங்க பாட்டுக்குப் பார்த்துட்டு இருக்கீங்க" என்றாள் மனைவி.

"நான் என்ன பண்ணட்டும்? திரும்பி வான்னு கெஞ்சவா?"

மேல் தட்டிலிருந்த துணிக்கட்டை எடுக்க ஸ்டூல் மேல் ஏறி, ஸ்டூல் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக விழுந்து, தொடை எலும்பை முறித்துக்கொண்டு வந்து சேர்ந்தவர் அவர். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வரும் அறுவை டாக்டர் கம்பி வைத்துத் தைத்துவிட்டு, அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டார். கட்டுப் பிரித்தபோது தையலைப் பார்த்த டெய்லருக்கு வலியைவிட வருத்தம்தான் பெரிதாக இருந்தது. ஒன்றுக்கு ஒன்று இடைவெளி ஒத்துவரவில்லை.

"என் கடையில யாராவது இப்படித் தைச்சிருந்தா, பிரிச்சுட்டு மறுபடி தைன்னு சொல்லியிருப்பேன்."

"வாயை மூடிட்டு இருங்க. கேட்டுட்டு நிஜமாவே பிரிச்சிடப் போறாங்க."

ரத்தம் மூன்று அங்குலத்தைத் தொட்டபோது மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "பாப்பாவுக்குப் போடுங்க" என்றாள்.

பாப்பாவுக்கு வயது முப்பத்தொன்று. நர்ஸ் படிப்பு முடித்து, மூன்று வருடத்துக்கு முன் விமானம் ஏறி வெளிநாட்டுக்குப் போனவள். ஏஜென்ட் காட்டிய படத்தில் இருந்த ஆஸ்பத்திரி கண்ணாடியும் செடியுமாக ஹோட்டல் மாதிரி இருந்ததில் டெய்லருக்கு ஏகப்பட்ட பெருமை. மகள் மட்டும் போனில் அதிகம் பேசமாட்டாள். நல்லா இருக்கேன்பா, சாப்பிட்டேன்பா, டியூட்டிக்கு நேரமாச்சுப்பா. அவ்வளவுதான்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் ஒரு இடுக்கான அறை, சுவர் முழுக்க அலமாரி.

"அப்பா, என்னைப் பார்க்காதீங்க. போனைத் திருப்பிக் குழாயைக் காட்டுங்க."

காட்டினார்.

"நடுவுல ஒரு சின்னச் சக்கரம் இருக்கா?"

"மெஷின்ல நூல் இறுக்குற திருகு மாதிரி ஒண்ணு இருக்கு."

"அதேதான். அதைக் கீழ் பக்கமா உருட்டுங்க. மெதுவா. அம்மா, சிஸ்டர்கிட்டப் போய் பாட்டில் முடிஞ்சு ரத்தம் திரும்புதுன்னு சொல்லு. சும்மா வாங்கன்னு கூப்பிடாதே. ரத்தம் திரும்புதுன்னு சொல்லு, உடனே வருவாங்க."

ரத்தம் நின்றது. அந்த வார்த்தையைக் கேட்டதும் பெரிய சிஸ்டரும் வீங்கிய காலோடு ஓடி வந்தார்.

டெய்லர் போனை மார்பின் மேல் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். பார்க்க ஆள் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு சமையல்காரர், ஏதோ தொழிற்சாலை கேன்டீனில் முப்பது வருடம் அண்டா கிளறியவர். அவருக்கு இருதயக் கோளாறு. எலும்பு வார்டில் இருதயத்துக்கு என்ன வேலை என்று கேட்டால், இருதய வார்டைப் பூட்டிவிட்டார்கள் என்பதுதான் பதில். அங்கிருந்த சிஸ்டர்கள் எல்லோரும் ஆளுக்கொரு நாட்டில் இருந்தார்கள்.

"உங்க பொண்ணா அது?" என்றார் சமையல்காரர்.

"ஒரே பொண்ணு. வெளிநாட்டுல பெரிய ஆஸ்பத்திரி. இந்த வார்டு அளவுக்கு அங்க லிப்டே இருக்கும்."

"அப்படியா. என் காலைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்களேன். காலையில செருப்பு போட முடியல."

அங்கேதான் ஆரம்பித்தது.

பாப்பா சமையல்காரரின் காலைப் பார்த்தாள். விரலால் அழுத்தச் சொல்லி, குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணச் சொன்னாள். உப்பு தொடக்கூடாது என்றாள். முப்பது வருடம் ஊருக்கே உப்புப் போட்ட மனிதர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து பன்னிரண்டாம் கட்டில் தன் மாத்திரையைக் காட்டியது. நாலாம் கட்டில் தன் நாக்கைக் காட்டியது. பதினேழாம் கட்டிலின் சம்சாரம் வந்து, தனக்கு இரண்டு மாதமாக முட்டி வலி என்று நோயாளியை விட்டுவிட்டுத் தன்னைக் காட்டினாள்.

டெய்லரின் மனைவிக்குப் போனைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாக அலைவதே வேலையாகிப் போனது.

"உங்க வாய்தாங்க இத்தனைக்கும் காரணம்" என்றாள். "லிப்டாம் லிப்டு."

"நம்ம பொண்ணைக் கேட்கறாங்கடி. அது எவ்வளவு பெரிய விஷயம்."

"அவளுக்கு அங்க வேலை கெடாதா?"

டெய்லருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கேட்டும் பார்த்தார். "பரவாயில்லப்பா. இடைவேளையிலதான் பேசறேன்" என்றாள் பாப்பா. "அந்தப் பதினாலாம் கட்டில்ல இருக்கிறவர் இன்னைக்குச் சிறுநீர் போனாரா? எவ்வளவு போனார்? கலர் என்ன? போய்ப் பார்த்துட்டு வரச் சொல்லுங்க."

இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதவள் இப்போது அரை மணி நேரம் பேசினாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. பத்தாம் கிளாஸில் முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்குப் பிறகு டெய்லர் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"அங்க ஆயிரம் நோயாளிங்களைப் பார்க்கறவ. இதெல்லாம் அவளுக்கு ஒரு விளையாட்டு" என்று சமையல்காரரிடம் சொன்னார்.

நாலாம் நாள் பெரிய சிஸ்டர் கையும் களவுமாகப் பிடித்தார். மூன்றாம் கட்டிலில் கொடுத்த மாத்திரையை நோயாளி கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் முழுங்கல?"

"போன் சிஸ்டர் பார்த்துச் சொல்லட்டும்னு வெச்சிருக்கேன்."

"எந்த சிஸ்டர்?"

பெரிய சிஸ்டர் டெய்லர் மனைவியின் கையிலிருந்த போனைப் பிடுங்கினார். முப்பத்தைந்து வருட சர்வீஸ் அந்தக் குரலில் இருந்தது. "யாரும்மா நீ? எந்த நாட்டுல உட்கார்ந்துகிட்டு என் வார்டை நடத்துற?"

"மன்னிச்சிடுங்க சிஸ்டர். அப்பாவைப் பார்க்கத்தான் பேசினேன்..."

"அப்பாவைப் பார்க்கணும்னா வந்து பார்க்கணும். ஆறு பேர் இருந்தோம் இந்த வார்டுல. அஞ்சு பேருக்கு நான்தான் கேக் வெட்டி வழியனுப்பி வெச்சேன். அஞ்சு பேரும் போகும்போது என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. அழுதுட்டுப் போயிட்டாங்க. நான் இங்க நின்னுட்டு இருக்கேன். நீ எந்த ஆஸ்பத்திரியில கேக் வெட்டிட்டுப் போனவ?"

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, "சிஸ்டர், நீங்க திட்டுறது நியாயம்தான். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வெச்சிடறேன். எங்கப்பா கட்டில்ல தொங்குற அட்டையைக் காலையில அம்மா காட்டுனா. அதுல இன்சுலின் எழுதியிருக்கு. எங்கப்பாவுக்குச் சர்க்கரை கிடையாது" என்றாள்.

பெரிய சிஸ்டரின் இன்னொரு கையில் டிரே இருந்தது. டிரேயில் ஊசி இருந்தது. டெய்லர் கட்டிலுக்குப் போய் அட்டையைப் பார்த்தார். நேற்று கட்டில்களை நகர்த்தித் தரை கழுவியபோது எட்டாம் கட்டில் அட்டை டெய்லரின் பத்துக்கு வந்திருந்தது. பத்தின் அட்டை எட்டில் தொங்கியது.

அவர் டிரேயைக் கீழே வைத்துவிட்டு டெய்லரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வார்டில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"நேத்திலேர்ந்து நான் வீட்டுக்குப் போகலம்மா" என்றார் போனைப் பார்த்து. "அடுத்த ஷிப்ட்டுக்குப் புதுசா போட்ட பொண்ணு வரல. இனிமே வரவும் வராது. விசா வந்துடுச்சாம்."

"தெரியுது சிஸ்டர். உங்க கண்ணைப் பார்த்தாலே தெரியுது. நான் வேணும்னா அட்டையெல்லாம் உங்ககூட ஒரு தடவை சரிபார்க்கட்டுமா? நீங்க படிங்க, நான் எழுதிக்கறேன்."

அன்றைக்கு இருபத்திரண்டு அட்டைகளையும் இரண்டு பேருமாகச் சரிபார்த்தார்கள். இன்னும் ஒரு தப்பு அகப்பட்டது.

மறுநாள் பெரிய சிஸ்டரே யோசனை சொன்னார். டெய்லர் சம்சாரத்துக்குக் கை வலிக்கிறது என்பதால், ஒரு சலைன் ஸ்டாண்டின் கம்பியில் கட்டுத் துணியால் போனைச் சுற்றிக் கட்டினார்கள். ஸ்டாண்டுக்கு அடியில் சக்கரம் இருந்தது. முன்னால் டெய்லர் மனைவி ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு போக, பின்னால் பெரிய சிஸ்டர் டிரேயோடு போனார். ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் நோயாளிகள் போர்வையைச் சரிசெய்துகொண்டார்கள்.

"குட்மார்னிங்" என்றாள் பாப்பா ஒவ்வொரு கட்டிலிலும். "ஆறாம் கட்டில், நேத்து ரெண்டு தடவை எழுந்து நடந்தீங்களா? பொய் சொல்லாதீங்க. அம்மா, அங்க தரை ஈரமா இருக்கு பாரு. துடைச்சா உலர்த்திட்டுத்தான் ஆளை விடணும். யாராவது வழுக்கி விழுந்துடப் போறாங்க."

"சமையல்காரரே, எப்படி இருக்கீங்க?"

"ஒரு சிட்டிகை உப்புக்காகக் காத்திருக்கேன் பாப்பா."

"நாளைக்குக் கேளுங்க."

"நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்ன."

"நாளைக்கும் அதையேதான் சொல்லுவேன்."

சமையல்காரர் அதற்குச் சிரிப்பார். சிரித்தால் மூச்சு வாங்கும். அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை. பெண்டாட்டி செத்துப் பல வருடம் ஆகிறது. "உங்க பொண்ணு என்னைத் தினமும் ஒரு கேள்வி கேட்குது அண்ணே. கேன்டீன்லகூட இன்னைக்கு என்னன்னுதான் கேட்பாங்க, எப்படி இருக்கேன்னு யாரும் கேட்டதில்ல" என்று ஒருநாள் டெய்லரிடம் சொன்னார்.

இதில் ஒரு தொல்லை முளைத்தது. நோயாளிகள் பெரிய சிஸ்டர் பேச்சை நம்புவதை அடியோடு நிறுத்திவிட்டார்கள். ஊசி போட வந்தால், "ஸ்டாண்டு வரட்டும்" என்றார்கள்.

"ஒரு மாத்திரை கொடுக்க ரெண்டு நாட்டு அனுமதி வேண்டியிருக்கு" என்று முணுமுணுத்தார் பெரிய சிஸ்டர். ஆனாலும் இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவர் வீட்டில் முழுசாக ஆறு மணி நேரம் தூங்கிவிட்டு வந்திருந்தார்.

அப்படி ஒரு காலை வேளையில்தான் கண்காணிப்பாளர் உள்ளே வந்தார். மொத்த ஆஸ்பத்திரிக்கும் பெரிய டாக்டர். கையில் ஒரு பைல், முகத்தில் அந்தப் பைலின் கனம். பிரசவ வார்டில் இருந்த கடைசி இரண்டு சிஸ்டர்களும் முந்தின நாள் ஒரே விமானத்தில் போயிருந்தார்கள்.

கிறீச் என்று வந்த ஸ்டாண்டைப் பார்த்து அவர் நின்றார். ஸ்டாண்டின் தலையில் இருந்த முகம் ஏழாம் கட்டிலிடம், "திரும்பிப் படுங்க, முதுகுல புண் வந்துடும்" என்றது. ஏழாம் கட்டில் திரும்பிப் படுத்தது.

"இவங்க யாரு?" என்றார்.

பெரிய சிஸ்டர் டிரேயை மார்போடு அணைத்துக்கொண்டார். டெய்லர்தான் தலையணையில் கை ஊன்றி எழும்பி, "என் மகள் சார். வெளிநாட்டுல சிஸ்டர்" என்றார்.

திட்டப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கண்காணிப்பாளர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கடலில் தத்தளிக்கிறவன் பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் இருப்பாங்க?"

"கூப்பிட்டா எடுத்துடுவா சார்" என்றார் டெய்லர்.

"எப்ப கூப்பிட்டாலும்?"

"என் பொண்ணு சார் அவ."

"போனவங்களைத் திரும்பக் கொண்டுவரணும்னு மேலிடத்துக்கு நான் அறுபது கடிதம் எழுதியிருக்கேன்" என்றார் கண்காணிப்பாளர், யாரிடமும் இல்லாமல். "ஒருத்தர்கூட வரல. நீங்க ஒரு போன்ல கொண்டுவந்துட்டீங்க."

பெரிய சிஸ்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "சார், அது போன் சார்" என்றார்.

"நர்ஸ்தானே பேசுறாங்க?"

"போனுக்குக் கை கிடையாது சார்."

"கைக்கு அட்டெண்டர் ஒருத்தரைப் போடறேன். கீழே பிரசவ வார்டுல பதினொரு பேர் இருக்காங்க. அங்க போனும் இல்ல, கையும் இல்ல. நீங்க இன்னைக்கே கீழே வந்துடுங்க." பிறகு டெய்லரிடம் திரும்பி, குரலைத் தணித்துக் கேட்டார். "உங்க மகள் இதுக்குச் சம்மதிப்பாங்களா?"

ஸ்டாண்டு அதற்குள் வார்டின் மறுகோடிக்குப் போயிருந்தது. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். வாழ்க்கையில் இதுவரை எந்த அதிகாரியும் டெய்லரிடம் குரலைத் தணித்துப் பேசியதில்லை. அளவெடுக்கும்போதுகூட நிமிர்ந்து நின்று கூரையைத்தான் பார்ப்பார்கள்.

"அவ எதுக்கு சார் மறுக்கப் போறா" என்றார்.

சாயங்காலம் வார்டு வாசலில் புதிய டியூட்டி பட்டியல் ஒட்டப்பட்டது. காலை, மதியம், மாலை மூன்று கட்டத்திலும் "போன் சிஸ்டர்" என்று டைப் செய்திருந்தது. டெய்லர் மனைவியை அனுப்பி அதைப் படம் எடுத்துவரச் செய்து, மகளுக்கு அனுப்பினார்.

ஒரு நிமிடத்தில் பாப்பா கூப்பிட்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, பெரிய சிஸ்டரை அனுப்ப விடாதீங்க. போய்ச் சொல்லுங்க. என்னால எல்லா நேரமும் எடுக்க முடியாது."

"இதுவரைக்கும் எடுத்தியே."

"எடுத்தேன். எப்படி எடுத்தேன்னு எனக்குத்தான் தெரியும். நான் பார்த்துச் சொல்லலாம்பா, செய்ய ஆள் வேணும். அந்த சிஸ்டர் இல்லாம நான் ஒண்ணுமே இல்ல."

"பெரிய டாக்டரே கேட்டார் பாப்பா. நான் சரின்னுட்டேன்."

"என்னைக் கேட்காம ஏன்பா சொன்னீங்க?"

"நீ மாட்டேன்னா சொல்லப் போற? அங்கயும் நோயாளிதான், இங்கயும் நோயாளிதான்."

பாப்பா எதையோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் கதவு தட்டும் சத்தம் கேட்டது. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

முதல் இரண்டு நாள் எப்படியோ ஓடியது. கூப்பிட்டால் சில சமயம் எடுத்தாள். சில சமயம் பத்து நிமிடம் கழித்து அவளே கூப்பிட்டாள், மூச்சு வாங்க, படிக்கட்டு ஏறி வந்தவள் மாதிரி. கை உதவிக்கு வந்த அட்டெண்டர் நல்ல மனிதர்தான். இதற்கு முன் அவர் லாண்டரியில் இருந்தார். ஊசியைக் கண்டால் அவருக்குத் தலை சுற்றும்.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பிறகு, சமையல்காரர், "அண்ணே" என்றார்.

டெய்லர் திரும்பிப் பார்த்தார். சமையல்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, முன்பக்கம் குனிந்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாகியிருந்தது. மூச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"பாப்பாவுக்குப் போடு" என்றார் டெய்லர்.

மனைவி போட்டாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். ஸ்டாண்டில் கட்டியிருந்த போன் அந்த மனிதரின் முகத்துக்கு நேராக அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை அடிக்கவும் இல்லை. அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது.

"பெரிய சிஸ்டரைக் கூட்டிட்டு வா. ஓடு."

மனைவி ஓடினாள். இரண்டு மாடி இறங்க வேண்டும். லிப்ட் வேலை செய்யாது.

அட்டெண்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "என்ன பண்றதுங்க?"

வார்டு முழுக்க டெய்லரைப் பார்த்தது. போன் பேசாதபோது போனின் அப்பா பேச வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

"இப்படிக் குனிஞ்சு உட்கார்ந்தா எப்படி மூச்சு வரும்? களைச்சுப் போயிருக்காரு. படுக்க வைங்க" என்றார்.

சமையல்காரர் வேண்டாம் என்று தலையசைத்தார். கம்பியை விடவில்லை.

"நம்ம பாப்பா சொல்ற மாதிரி நினைச்சுக்குங்க. படுங்க. நல்லாப் படுத்தா சரியாயிடும். தலையணையை எடுத்துடுங்க, நேரா இருக்கட்டும்."

பாப்பா பெயரைச் சொன்னதும் சமையல்காரர் கையை விட்டார். அட்டெண்டரும் பன்னிரண்டாம் கட்டிலின் மகனும் சேர்ந்து அவரைத் தட்டையாகப் படுக்க வைத்தார்கள். ஒருவர் அட்டையால் விசிறினார். சமையல்காரர் கூரையைப் பார்த்தபடி இரண்டு தடவை எழும்பப் பார்த்தார். டெய்லர் கட்டிலிலிருந்து கையை நீட்டி, "பேசாம படுங்க, இதோ வந்துடுவாங்க" என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

பெரிய சிஸ்டர் வர இருபது நிமிடம் ஆயிற்று. கீழே ஒரு குழந்தை பாதி வழியில் இருந்தது. வந்தபோது அவர் கையுறையில் ரத்தம் காயவில்லை. கட்டிலைப் பார்த்ததுமே அவர் நடை மெதுவாகிவிட்டது. குனிந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடிவிட்டார்.

தலையணை தரையில் கிடப்பதைப் பார்த்தார்.

"யார் இவரைப் படுக்க வெச்சது?"

விசிறிக்கொண்டிருந்தவர் அட்டையைக் கீழே இறக்கினார்.

"நெஞ்சுல நீர் கோத்துக்கிட்டவரை உட்கார வெச்சிருக்கணும். காலைத் தொங்கப் போட்டு நிமிர்த்தி உட்கார வெச்சிருந்தா, நான் வர்ற வரைக்குமாவது இருந்திருப்பார். யார் படுக்க வெச்சது?"

அட்டெண்டர் டெய்லரைப் பார்க்காமல் இருக்க முயன்றார். அந்த முயற்சியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பெரிய சிஸ்டர் தலையணையை எடுத்து, தூசி தட்டி, இனி தேவைப்படாதவரின் தலைக்கு அடியில் வைத்துவிட்டுக் கீழே போனார். கீழே குழந்தை காத்திருந்தது.

டெய்லர் வெகு நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் பேரின் தோளை அளந்த கை. மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடிக்கவில்லை. அவருக்குள் ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டு வந்தது. அது தன்மேல் என்று ஒப்புக்கொள்ள முடியாததால் வேறு ஆளைத் தேடியது. ஆளும் கிடைத்தது.

"போனைக் கொண்டா" என்றார்.

"இப்ப வேண்டாங்க."

"கொண்டான்னா கொண்டா."

பாப்பாவின் போன் இன்னும் அணைந்துதான் இருந்தது. பேசி அனுப்பும் பட்டனை அழுத்திக்கொண்டு பேசினார்.

"பாப்பா, சமையல்காரர் போயிட்டார். உனக்கு மூணு தடவை போட்டோம். நீ எடுக்கல, அணைச்சு வெச்சுட்ட. அங்க எவனுக்கோ தலையணை சரிபண்ணிட்டு இருந்திருப்ப. அவன் உயிர்தான் உயிரு. அவன் கொடுக்கறதுதான் சம்பளம். நாங்க யாரு உனக்கு? உன்னைப் படிக்க வெச்சதுக்கு ராத்திரி பகலா மெஷின் மிதிச்சேன். நர்ஸ் ஆகி நாலு உயிரைக் காப்பாத்துவேன்னு. நல்லாக் காப்பாத்து. அங்கயே இருந்து காப்பாத்து. இனிமே எனக்குப் போன் பண்ணாதே."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாவி மனுஷா, பெத்த பொண்ணுகிட்டப் பேசற பேச்சா இது" என்றாள்.

டெய்லர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார். தொடையில் வைத்த கம்பி விடவில்லை. மறுபக்கம் திரும்பினால் காலிக் கட்டில்.

மறுநாள் காலையில் அந்தக் கட்டிலில் கை ஒடிந்த ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். வாசலில் டியூட்டி பட்டியல் அப்படியே இருந்தது. பத்து மணிக்கு யாரோ, "ஸ்டாண்டு வரலையா?" என்று கேட்டார்கள். டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார்.

பதினொரு மணிக்குப் பெரிய சிஸ்டர் மேலே வந்தார். பிரசவ வார்டிலிருந்து யாருக்கும் சொல்லாமல் பத்து நிமிடம் திருடிக்கொண்டு வந்திருந்தார். எல்லோருக்கும் ஊசி போட்டு முடித்துவிட்டு டெய்லரிடம் நின்றார்.

"உங்க மகளைத் திட்டினீங்களாமே. உங்க வீட்டம்மா சொன்னாங்க."

"வேற என்ன சிஸ்டர் பண்ணச் சொல்றீங்க?"

"டியூட்டி நேரத்துல போன் எடுக்க முடியாது. எந்த ஆஸ்பத்திரியிலயும் முடியாது. இத்தனை நாள் அவ எடுத்ததுதான் அதிசயம். அவ தப்பு ஒண்ணும் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கும் தெரியாமத்தான் நடந்தது. அவளைக் கூப்பிட்டுப் பேசுங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லாததுதான் டெய்லருக்குத் தாங்கவில்லை.

பெரிய சிஸ்டர் போன பிறகு அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கேட்காமலே போனைக் கையில் வைத்தாள்.

மணி அடித்தது. இந்த முறை எடுத்தார்கள். திரையில் யாரோ ஒரு இளம்பெண். பாப்பா போட்டிருப்பது போலவே நீலச் சட்டை. பின்னால் அதே இடுக்கான அறை.

"அக்காவோட அப்பாங்களா? நான் அக்காகூட ரூம்ல இருக்கேங்க. வேலையும் ஒண்ணாத்தான்."

"பாப்பா எங்கம்மா?"

"வேலையில இருக்குங்க. நேத்து சூப்பர்வைசர் கண்ணு முன்னாடியே போன் அடிச்சுது. பிடுங்கி அணைச்சு வெச்சுட்டாரு. அக்கா கையெடுத்துக் கும்பிட்டும் கொடுக்கல. இனிமே போனோட பார்த்தா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு சொல்லிட்டாரு. அதனால என்கிட்டக் கொடுத்துட்டுப் போயிருக்கு. நான் இப்ப இடைவேளைங்க."

"நான் பேசி அனுப்பினதை... கேட்டாளா?"

"கேட்டுச்சுங்க."

"என்ன சொன்னா?"

"உங்களை ஒண்ணும் சொல்லலீங்க. அந்தச் சமையல்காரரை உட்கார வெச்சாங்களா, படுக்க வெச்சாங்களான்னு மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டுட்டு இருந்துச்சு. எனக்கு எப்படிங்க தெரியும்."

டெய்லர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். கண்ணில் வந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தார். மனைவி அவர் தோளில் கை வைத்தாள்.

"நான் கோபத்துல பேசிட்டேம்மா" என்றார். "அவளுக்கு அங்க எத்தனை வேலை இருக்கும்னு யோசிக்காமப் பேசிட்டேன். இப்ப எந்த வார்டுல இருக்கா? அங்க போன் இருக்குமில்ல, அந்த நம்பரைக் கொடு. ஒரு நிமிஷம் மன்னிப்புக் கேட்டுட்டு வெச்சிடறேன்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.

"வார்டாங்க? இந்த நாட்டு நர்ஸ் பரீட்சை தேறாத எங்களை நோயாளிகிட்ட யாருங்க விடுவாங்க, மூணு வருஷமா நாங்க ரெண்டு பேரும் இங்க தரைதான் துடைக்கிறோம். உங்க போன்ல வர்றவங்களைத்தான் அக்கா 'என் வார்டு, என் வார்டு'ன்னு சொல்லிட்டு இருந்துச்சு."